பதில் வராத வழங்கி: கொத்து வழங்கிகளுக்கு இடையே தொடர்பு அமைத்தல்

முன்னுரை

பாடப் பதிவு செய்வது, தேர்வு முடிவைப் பார்ப்பது, வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்புவது, மருத்துவமனையில் நோயாளியின் பழைய குறிப்பைத் தேடி எடுப்பது என நமது அன்றாட வேலைகள் பலவற்றின் பின்னால், சர்வர் என்று நாம் பேச்சில் சொல்லும் வழங்கி ஒன்று இயங்கிக் கொண்டிருக்கிறது. அந்த ஒரு வழங்கி பழுதானால் சேவையும் நின்றுவிடும். ஆகையால், ஒன்றுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ வழங்கிகளை வைத்து, ஒன்று விழுந்தால் மற்றொன்று அதன் வேலையை எடுத்துக்கொள்ளும்படி அமைக்கிறார்கள். இவ்வாறு சேர்த்துக் கட்டப்பட்ட வழங்கிகளின் கூட்டத்தைக் கொத்து, அதாவது கிளஸ்டர் என்பர்.

கேட்பதற்கு இது மிக எளிதாகவே இருக்கிறது. ஆனால், 'ஒன்று விழுந்தால்' என்று எழுதினேன் அல்லவா? அது விழுந்துவிட்டது என்பது மற்றொன்றுக்கு எப்படித் தெரியும்? இக்கட்டுரை முழுவதும் இந்த ஒரு கேள்வியைப் பற்றியதே ஆகும். கணினித் துறையில் பயிலும் நண்பர்கள் நாளை இத்தகைய கொத்தை அமைக்க நேரிடலாம். பிற துறையினர் அதை நம்பி வாழ நேரிடும். எனவே, இரு சாராருக்கும் புரியும்படி எழுத முயன்றுள்ளேன். இதை எழுதத் தூண்டியது நான் செய்த ஒரு பெரிய தவறு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொத்தின் அமைப்பு

லினக்ஸ் இயங்குதளத்தில் கொத்து அமைப்போர் பரவலாகப் பயன்படுத்தும் மென்பொருள்கள் இரண்டு. ஒன்று கோரோசிங்க், மற்றொன்று பேஸ்மேக்கர். இரண்டுமே கட்டற்ற மென்பொருள்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பதிவிறக்கிக் கற்றுக்கொள்ளலாம்.

இவற்றின் வேலைப் பங்கீடு தெளிவானது. யார் யார் உயிரோடு இருக்கிறார்கள், யாருக்கு என்ன செய்தி போய்ச் சேர்ந்தது என்பதைக் கவனிப்பது கோரோசிங்கின் பொறுப்பு. அத்தகவலைக் கொண்டு எந்தச் சேவை எந்த வழங்கியில் இயங்க வேண்டும் என்று முடிவு செய்வது பேஸ்மேக்கரின் பொறுப்பு. வெளியிலிருந்து வரும் பயனருக்கு இவை எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிவது ஒரே ஓர் ஐபி முகவரிதான். அம்முகவரி எந்த ஒரு வழங்கிக்கும் நிரந்தரச் சொந்தமல்ல. அந்நேரத்தில் பொறுப்பில் இருக்கும் வழங்கி அதைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. பொறுப்பு கைமாறும்போது முகவரியும் கைமாறும்.

கோரோசிங்க் உயிர்நிலையை அறியும் முறை சுவையானது. விவாத மேடையில் ஒரே ஓர் ஒலிவாங்கி இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒலிவாங்கி கையில் உள்ளவர் மட்டுமே பேசலாம். பேசி முடித்ததும் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதேபோல், கோரோசிங்கில் டோக்கன் எனப்படும் ஒரு சிறிய செய்தி வழங்கிக்கு வழங்கி வட்டமாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். டோக்கனை வைத்திருக்கும் வழங்கி மட்டுமே மற்றவர்களுக்குச் செய்தி அனுப்பும். இதனால் எல்லா வழங்கிகளும் எல்லாச் செய்திகளையும் ஒரே வரிசையில் பெறுகின்றன. டோட்டம் என்ற பெயரைக் கொண்ட இந்நெறிமுறையை, 1990-களில் சாந்தா பார்பராவில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர்.

குறிப்பிட்ட நேரத்திற்குள் டோக்கன் திரும்பி வராவிட்டால், எங்கோ யாரோ பதில் சொல்லவில்லை என்று பொருள். உடனே மீதமுள்ளவை கூடி, 'இப்போது நம்மில் யார் யார் இருக்கிறோம்?' என்று புதிய உறுப்பினர் பட்டியலை அமைக்கின்றன. இத்துடன் கோரோசிங்கின் வேலை முடிந்தது. பதில் சொல்லாத வழங்கி என்ன ஆயிற்று என்பது அதற்கும் தெரியாது. நான் தவறியது இவ்விடத்தில்தான்.

நான் செய்த தவறு

எங்கள் கழகம் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்காகக் கதை சொல்லும் போட்டி ஒன்றை நடத்தியது. ஆசிரியர்கள் இணையத்தின் வழி மாணவர்களைப் பதிவு செய்ய ஒரு பக்கம் தேவைப்பட்டது. கடைசி ஆண்டு ஆய்வுப் பணிக்காக நான் அப்போதுதான் இரண்டு பழைய கணினிகளைக் கொண்டு ஒரு கொத்தை அமைத்திருந்தேன். 'இதிலேயே வைத்துவிடலாம், ஒரு கணினி பழுதானாலும் பதிவு நிற்காது' என்று செயலவையில் பெருமையாகச் சொன்னேன்.

இரண்டு கணினிகளும் வளாக வலையமைப்பில் இணைக்கப்பட்டிருந்தன. அதுபோக, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கென்று அவற்றுக்கிடையே நேரடியாக ஒரு கம்பியைப் போட்டிருந்தேன. டோக்கன் சுற்றியது அக்கம்பியில். முதல் கணினியில் எழுதப்படும் தரவு டிஆர்பிடி என்ற மென்பொருளின் வழி இரண்டாம் கணினிக்கு நகலாகச் சென்றதும் அதே கம்பியில்தான். பேஸ்மேக்கர் 'ஸ்டோனித்' என்ற ஓர் அமைப்பைக் கேட்டு அடம்பிடித்தது. அது இல்லாமல் எந்தச் சேவையையும் தொடங்க மறுத்தது. இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டியில், 'சோதனைக்காக இதை அணைத்துவிடலாம்' என்று இருந்தது. அணைத்துவிட்டேன். எல்லாம் அழகாக இயங்கியது.

ஒரு நாள் மாலை, ஆய்வுக்கூடத்தில் மேசைகளை நகர்த்தியபோது அக்கம்பி கழன்றுவிட்டது. இரண்டு கணினிகளும் நலமாகவே இருந்தன. வளாக வலையமைப்போடும் தொடர்பில் இருந்தன. ஆனால், முதல் கணினி 'இரண்டாவது இறந்துவிட்டது' என்று எண்ணித் தன் வேலையைத் தொடர்ந்தது. இரண்டாம் கணினி 'முதலாவது இறந்துவிட்டது, இனி நானே பொறுப்பு' என்று எண்ணி அதே ஐபி முகவரியைத் தானும் ஏற்றுக்கொண்டது. வளாக ரௌட்டர் பதிவுகளைச் சில நேரம் இதற்கும் சில நேரம் அதற்கும் அனுப்பியது. ஒரு பதிவுப் புத்தகம் இரண்டானது. இரண்டிலும் ஆசிரியர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்; இரண்டுமே அவர்களுக்கு 'உங்கள் பதிவு ஏற்கப்பட்டது' என்று உறுதிச் செய்தி அனுப்பின.

மறுநாள் கம்பியை மாட்டினேன். இரண்டு தரவுகளும் வேறு வேறாகிவிட்டதைக் கண்டு டிஆர்பிடி ஒத்திசைய மறுத்து நின்றது. எந்தப் பக்கத்தை வைத்துக்கொள்வது, எதைக் கைவிடுவது என்று மனிதன்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல், இரண்டாவதில் இருப்பது பழைய நகல் என்று நானாக முடிவு செய்து அதைக் கைவிடச் சொன்னேன்.

போட்டியன்று காலை, ஓர் ஆசிரியை இரண்டு மாணவர்களோடு பதிவு மேசைக்கு வந்தார். பட்டியலில் அவர்களின் பெயர்கள் இல்லை. அவர் கைப்பையிலிருந்து அச்சிட்ட உறுதிச் செய்தியை எடுத்துக் காட்டினார். அதில் எங்கள் கழகத்தின் பெயர் இருந்தது, பதிவு எண் இருந்தது. அவருக்குப் பின்னால் மேலும் இரண்டு பள்ளிகள் அப்படியே வந்தன. நடுவர்களிடம் கெஞ்சி, அனைவரையும் பட்டியலின் இறுதியில் சேர்த்துக்கொண்டோம். அவர்களின் முறை வந்தபோது மண்டபத்தில் பாதி நாற்காலிகள் காலியாகிவிட்டன. பல வாரங்கள் பயிற்சி செய்துவிட்டு வந்த பிள்ளைகள் அவர்கள். நானும் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அப்படிப்பட்ட மேடைகளில் நின்றவன். அதனால்தான் இன்னமும் அது மனதை உறுத்துகிறது.

வழங்கி பழுதானால்கூட இவ்வளவு கேடு நேர்ந்திருக்காது. ஆசிரியர்கள் 'பக்கம் திறக்கவில்லை' என்று தொலைபேசியில் அழைத்திருப்பார்கள். சேவை நிற்பதைவிட, சேவை பொய் சொல்வது மோசமானது.

பதில் இல்லை என்பதன் பொருள்

இந்நிலையை ஆங்கிலத்தில் 'ஸ்பிளிட் பிரெய்ன்' என்பர். தமிழில் மூளைப் பிளவு எனலாம். ஓர் உடலுக்கு இரண்டு மூளைகள் தனித்தனியே கட்டளையிடுவது போன்றது இது.

ஒரு வழங்கியிடமிருந்து பதில் வரவில்லை என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். மின்சாரம் போயிருக்கலாம். நடுவிலுள்ள கம்பி அறுந்திருக்கலாம். வேலைப் பளுவால் அது சில வினாடிகள் உறைந்து போயிருக்கலாம். தூரத்திலிருந்து பார்க்கும் மற்றொரு வழங்கிக்கு இவை அனைத்தும் ஒரே மாதிரிதான் தெரியும். இவற்றுள் கடைசிக் காரணம் மிகவும் ஆபத்தானது. உறைந்த வழங்கி மீண்டும் விழித்தெழும்போது, நேரம் கடந்தது அதற்குத் தெரியாது. தானே இன்னும் பொறுப்பில் இருப்பதாக நினைத்து, விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கிவிடும்.

இது நல்ல கம்பி வாங்கினால் தீர்ந்துவிடும் சிக்கல் அன்று. செய்தி தொலைந்து போகக்கூடிய ஒரு பாதையில், எத்தனை முறை தூது அனுப்பினாலும் இரு தரப்பும் முழு உறுதியோடு ஒரே முடிவுக்கு வர முடியாது என்பது 1975-இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்துவிட்டது. 1978-இல் ஜிம் கிரே இதற்கு 'இரு தளபதிகளின் முரண்' என்று பெயரிட்டார். ஒரு பள்ளத்தாக்கின் இரு மலைகளில் இரு தளபதிகள் நிற்கிறார்கள். ஒரே நேரத்தில் தாக்கினால்தான் வெற்றி. தூதுவன் எதிரியின் பள்ளத்தாக்கைக் கடந்துதான் செல்ல வேண்டும். 'விடியலில் தாக்குவோம்' என்ற செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஒரு பதில் வேண்டும். அப்பதில் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு இன்னொரு பதில் வேண்டும். இதற்கு முடிவே இல்லை.

ஆகவே, 'மற்ற வழங்கி இறந்துவிட்டதா?' என்பதைக் கண்டுபிடிப்பது கொத்தின் தொடர்பை அமைப்பவரின் வேலை அன்று. அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பதில் வராதபோது ஒவ்வொரு வழங்கியும் என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து வைப்பதே அவரது வேலையாகும். இந்தப் பார்வையோடு அமைப்பு முறையை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது: பாதைகளும் முகவரிகளும்

வழங்கிகளுக்கிடையே குறைந்தது இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்க வேண்டும். கோரோசிங்கின் மூன்றாம் பதிப்பில் 'குரோனோஸ்நெட்' என்ற போக்குவரத்து முறை இயல்பாக வருகிறது. அதில் எட்டுப் பாதைகள் வரை அமைக்கலாம். ஒரு பாதை அறுந்தால் டோக்கன் அடுத்த பாதையில் செல்லும். இரண்டு பாதைகளும் ஒரே சுவிட்ச் வழியாகச் சென்றால் அவை உண்மையில் ஒரே பாதைதான் என்பதை மறந்துவிடக் கூடாது. என் கொத்தில் வளாக வலையமைப்பு ஏற்கனவே கையில் இருந்தது. அதை இரண்டாம் பாதையாகச் சேர்த்திருந்தாலே அன்றைய மாலை அசம்பாவிதம் நடந்திருக்காது.

அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வழங்கிக்கும் ஓர் எண், ஒரு பெயர், ஒவ்வொரு பாதைக்கும் ஒரு முகவரி ஆகியவற்றை எழுத வேண்டும். இக்கோப்பு எல்லா வழங்கிகளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். முகவரிக்குப் பதிலாக வழங்கியின் பெயரை எழுதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் வழங்கியின் பெயர் பெரும்பாலும் 127.0.1.1 என்ற தன்முகவரிக்குச் சுட்டப்பட்டிருக்கும். அப்படியே விட்டால் வழங்கி தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும். எண் முகவரியை நேரடியாக எழுதுவதே பாதுகாப்பானது.

இரண்டாவது: பூட்டும் கதவும்

கொத்தின் உரையாடலுக்குள் அந்நியர் நுழையக் கூடாது. அதற்காக ஒரு இரகசியச் சாவிக் கோப்பை உருவாக்கி, அதன் ஒரே நகலை எல்லா வழங்கிகளிலும் வைக்க வேண்டும். அதை நிர்வாகி மட்டுமே படிக்கும்படி உரிமையைச் சுருக்கிவிட வேண்டும். கோரோசிங்கைக் கையால் அமைக்கும்போது மறையாக்கம் தானாக வராது. எனவே, மறையாக்க முறையையும் கோப்பில் மறவாமல் குறிப்பிட வேண்டும். 'பிசிஎஸ்' என்ற கருவியைக் கொண்டு அமைத்தால் சாவியையும் மறையாக்கத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

தீயரணில் கதவு திறக்க மறப்பது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. முதல் பாதைக்கு யூடிபி 5405-ஆம் துறை, அடுத்தடுத்த பாதைகளுக்கு 5406 முதல் 5412 வரை தேவை. பிசிஎஸ் கருவிக்கு டிசிபி 2224 வேண்டும். கதவு ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தால், ஒரு வழங்கி பேசுவது மற்றதற்குக் கேட்கும், மற்றது பேசுவது இதற்குக் கேட்காது. இத்தகைய பழுதைக் கண்டுபிடிப்பது கடினம்.

மூன்றாவது: காத்திருக்கும் நேரம்

டோக்கனுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது? கோரோசிங்க் 3.1 முதல் இதன் இயல்பளவு 3000 மில்லி வினாடி. மூன்றாவது வழங்கி முதற்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 650 மில்லி வினாடி கூடும். ஆக, மூன்று வழங்கிகள் கொண்ட கொத்தில் இது 3650 மில்லி வினாடி. அதன் பிறகு புதிய உறுப்பினர் பட்டியலில் உடன்பாடு காணும் நேரம், டோக்கன் நேரத்தைப் போல் 1.2 மடங்கு, அதாவது 4380 மில்லி வினாடி.

இந்நேரத்தை மிகவும் குறைத்தால், வலையமைப்பில் ஏற்படும் சிறு தடங்கலுக்கெல்லாம் கொத்து பதறும். நலமாக இருக்கும் வழங்கியும் பட்டியலிலிருந்து நீக்கப்படும். மிகவும் கூட்டினால், உண்மையாகவே பழுது நேரும்போது பயனர்கள் நீண்ட நேரம் காத்திருக்க வேண்டி வரும். மெய்நிகர் கணினிகளில் இயங்கும் கொத்தாயின், கணினி இடம் மாறும்போது சில நொடிகள் உறையக்கூடும் என்பதால் சற்றுக் கூட்டி வைப்பது நன்று. நேரத்தை மாற்றுவதால் மூளைப் பிளவு தீராது. எவ்வளவு விரைவாகச் சந்தேகப்படுவது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது.

நான்காவது: கோரம்

இது நம் கழக நண்பர்கள் அனைவருக்கும் தெரிந்த ஒன்றுதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கோரம் சேராவிட்டால் என்ன செய்வோம்? வந்தவர்கள் எவ்வளவு ஆர்வத்தோடு இருந்தாலும் தீர்மானம் நிறைவேற்ற முடியாது. அப்படி ஒரு விதி இல்லாவிட்டால், ஒரே நாளில் இரண்டு அறைகளில் இரண்டு கூட்டங்கள் நடந்து இரண்டு தலைவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுவிடுவார்கள்.

கொத்திலும் அதே விதிதான். மொத்த வாக்குகளில் பாதிக்கு மேல் உள்ள பிரிவு மட்டுமே சேவையை நடத்தலாம். மூன்று வழங்கிகளில் இரண்டு, ஐந்தில் மூன்று, ஏழில் நான்கு என்பது கணக்கு. சிறுபான்மையாகப் பிரிந்துபோன வழங்கி, தான் நலமாக இருந்தாலும், தன் சேவைகளை நிறுத்திக்கொள்ள வேண்டும். பேஸ்மேக்கரில் இதுவே இயல்பு நடத்தை. நான்கு வழங்கிகள் இருந்தாலும் பெரும்பான்மைக்கு மூன்று வேண்டும்; எனவே, மூன்றைப் போலவே அதுவும் ஒன்றின் இழப்பை மட்டுமே தாங்கும். இரண்டு இரண்டாகப் பிளந்தால் இரு பக்கமும் கோரம் இல்லை. ஆகையால்தான் ஒற்றைப்படை எண்ணிக்கை விரும்பப்படுகிறது.

இரண்டே வழங்கிகள் கொண்ட கொத்து இவ்விதிக்குள் அடங்காது. ஒன்று விழுந்தால் மீதமுள்ள ஒன்று பாதிதானே, பாதிக்கு மேல் அல்லவே! இதற்காகக் கோரோசிங்கில் 'டூ நோட்' என்ற சிறப்பு அமைப்பு உள்ளது. அதில் ஒரே ஒரு வழங்கி இருந்தாலும் கோரம் உண்டு. தொடக்கத்தில் மட்டும் இரண்டும் ஒன்றையொன்று ஒருமுறை பார்த்தாக வேண்டும். என் கொத்தில் இருந்தது இந்த அமைப்புதான். கம்பி கழன்றபோது இரண்டுக்குமே கோரம் இருந்தது! அடுத்துச் சொல்லப்போகும் ஐந்தாவது ஏற்பாடு இல்லாமல் இதைப் பயன்படுத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

இதைவிடச் சிறந்த வழி, மூன்றாவதாக ஒரு நடுவரை வைப்பது. கோரோசிங்கின் 'கியூ டிவைஸ்' எனும் ஏற்பாட்டில், வேறோர் இடத்தில் உள்ள ஒரு சிறிய கணினி வாக்கு மட்டும் அளிக்கும். எந்தச் சேவையையும் நடத்தாது. அது டிசிபி 5403-ஆம் துறையில் காத்திருக்கும். இரு வழங்கிகளும் பிரிந்தால் நடுவரின் ஒரு வாக்கு ஒரு பக்கத்திற்கு மட்டுமே கிடைக்கும். இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் தேவையில்லை. ஒரு ராஸ்பெரி பை போதும்.

ஐந்தாவது: வேலி

கோரம் இல்லாத வழங்கி தானாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்கிறோம். உறைந்துபோன வழங்கி எப்படி ஒதுங்கும்? தான் சிறுபான்மை என்று அறிவதற்கே அது விழித்திருக்க வேண்டுமே! ஆகவே, சந்தேகத்திற்குரிய வழங்கியின் சேவையை மற்றொன்று எடுத்துக்கொள்ளும் முன்னர், முன்னது நிச்சயமாக எழுத முடியாத நிலையில் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். இதையே வேலியிடுதல் என்பர். நான் அணைத்துவிட்ட ஸ்டோனித் என்பது இதுதான். 'மற்றதன் தலையில் சுடு' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம் அது. பெயர் கொடூரமாக இருந்தாலும் செய்வது ஒன்றுதான்: மின்சாரத்தைத் துண்டித்து அணைப்பது அல்லது மறுதொடக்கம் செய்வது. 'இறந்துவிட்டதா?' என்ற விடையில்லாக் கேள்விக்கு, 'இப்போது நிச்சயமாக இயங்கவில்லை' என்ற விடையை இதுவே உண்டாக்கித் தருகிறது.

உண்மையான வழங்கிகளில் இதற்கென்றே ஐபிஎம்ஐ முறையில் இயக்கக்கூடிய தனிக் கட்டுப்பாட்டுச் சில்லு இருக்கும். அதுவும் வழங்கியின் மின்சாரத்தையே நம்பியிருப்பதால், மின்சாரம் முழுதாகப் போனால் பதில் சொல்லாது. அப்போது வேலியிட்டது உறுதியாகாமல் கொத்து காத்திருக்கும். எனவே, வலையமைப்பின் வழி இயக்கக்கூடிய மின்பகிர்வுப் பலகை போன்ற இரண்டாம் வழியும் வேண்டும். இரண்டே வழங்கிகள் இருந்தால் இரண்டும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று அணைத்துவிடக்கூடும். எனவே, ஒன்றுக்குச் சில வினாடி தாமதம் வைப்பது வழக்கம்.

என் பழைய கணினிகளில் ஐபிஎம்ஐ இல்லை. எனவே, எஸ்பிடி என்ற மென்பொருளைப் பயன்படுத்தினேன். கணினியின் தாய்ப்பலகையில் உள்ள காவல் கடிகாரத்தை அது இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். கோரம் போனாலோ கணினி உறைந்தாலோ தட்டுவது நின்றுவிடும். கடிகாரம் கணினியை வலுக்கட்டாயமாக மறுதொடக்கம் செய்துவிடும். இம்முறைக்கு உண்மையான கோரம் அவசியம். ஆகவே, டூ நோட் அமைப்பைக் கைவிட்டு ராஸ்பெரி பை நடுவரைச் சேர்த்தேன். டிஆர்பிடியிலும், மற்ற பக்கம் வேலியிடப்படும் வரை எழுதுவதை நிறுத்தி வைக்குமாறு அமைத்தேன்.

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

இவையெல்லாம் மாணவர்களின் ஆய்வுக்கூடச் சிக்கல் என்று எண்ணிவிட வேண்டாம். 2018 அக்டோபர் 21 அன்று, உலகின் நிரலர்கள் தங்கள் மூல நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் நிறுவனத்தில், பழுதாகி வந்த ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பராமரிப்பு வேலை நடந்தது. மலேசிய நேரப்படி அது 22-ஆம் தேதி காலை 6.52. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள அவர்களது முதன்மைத் தரவு மையத்தின் தொடர்பு 43 வினாடிகள் துண்டிக்கப்பட்டது. அவ்வளவுதான்.

அதற்குள், மீதமிருந்த மேலாண்மைக் கணினிகள் கோரம் சேர்த்து, தரவுத்தளப் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டன. ஆனால், கிழக்கில் எழுதப்பட்ட கடைசிச் சில வினாடிகளின் தரவு மேற்கிற்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பிறகு மேற்கிலும் புதிய தரவு எழுதப்பட்டது. இரு கரைகளிலும் மற்றதில் இல்லாத தரவு இருந்தது. இதனால் நிறுவனத்தின் சேவை பாதிக்கப்பட்டிருந்த நேரம் 24 மணி 11 நிமிடம். அவர்கள் செய்த ஒன்று என் நெஞ்சைத் தொட்டது. சேவை விரைவாகத் திரும்புவதைவிடப் பயனரின் தரவே முக்கியம் என்று முடிவு செய்து, சேவையின் சில பகுதிகளை வேண்டுமென்றே நிறுத்தி வைத்து, எதையும் அவசரமாகத் தூக்கி எறியாமல் நிதானமாக மீட்டனர். நான் ஒரே கட்டளையில் தூக்கி எறிந்ததை நினைத்துக்கொண்டேன்.

இந்நிகழ்ச்சி இன்னொரு பாடத்தையும் தருகிறது. யார் தலைவர் என்பதை மட்டுமே கோரம் முடிவு செய்யும். அத்தலைவரின் கையில் எல்லாத் தரவும் வந்து சேர்ந்துவிட்டதா என்பதை அது கூறாது. தரவு நகலெடுக்கும் முறையைத் தனியே சிந்தித்து அமைக்க வேண்டும்.

ஆறாவது: சோதனை

சோதிக்கப்படாத கொத்தை நம்பவே கூடாது. நான் முன்பு செய்த சோதனை, ஒரு கணினியை முறையாக அணைத்துப் பார்த்தது மட்டுமே. முறையாக அணைக்கப்படும் வழங்கி 'நான் போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறது. அது சோதனையே அல்ல. நான் இப்போது பின்பற்றும் வரிசை இது. முதலில், ஒரு பாதையை மட்டும் துண்டித்து, சேவை அசையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து, மின்கம்பியைத் திடீரெனப் பிடுங்க வேண்டும். பின்னர், வழங்கிகள் ஒன்றோடொன்றும் ஒன்று நடுவரோடும் பேச முடியாதபடி தீயரணில் இரு திசைகளையும் அடைத்து, சிறுபான்மை வழங்கி உண்மையாகவே மறுதொடக்கம் ஆகிறதா என்று காண வேண்டும். இறுதியாக, திரும்பி வரும் வழங்கி சண்டையின்றிக் கொத்தில் சேர்கிறதா என்பதையும், துண்டிப்புக்கு முன்னர் ஏற்கப்பட்ட ஒவ்வொரு பதிவும் இருக்கிறதா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

சுருங்கக் கூறின், கொத்தில் உள்ள வழங்கிகளுக்கு இடையே தொடர்பு அமைப்பது என்பது கம்பி இழுத்து எண்களை எழுதுவதோடு முடிவதில்லை. இரண்டு பாதைகள், ஒரே சாவி, பொருத்தமான காத்திருப்பு நேரம், உண்மையான கோரம், உறுதியான வேலி, நேர்மையான சோதனை ஆகிய ஆறும் சேர்ந்ததே அது. இவற்றில் எதை விட்டாலும் பல மாதங்கள் எல்லாம் நன்றாகவே இயங்கும்; ஒரு மேசை நகரும் வரை.

திருக்குறளின் பொருட்பாலில் தூது என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. தூது தவறினால் என்ன ஆகும் என்பது நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. நாம் அமைக்கும் இயந்திரங்களுக்கும் அந்த அக்கறை வேண்டும்.

அடுத்த போட்டிக்கான பதிவுப் பக்கம் இப்போது புதிய கொத்தில் இயங்குகிறது. ஒவ்வொரு மாலையும் பதிவுகளின் பட்டியலைத் தாளில் அச்சிட்டுக் கழக அறையில் ஒட்டி வைக்கிறோம். கொத்தின்மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. உறுதிச் செய்தியை அச்சிட்டுக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை வரும்போது, அவரது மாணவரின் பெயர் நம்மிடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.